பதிவில் ஏறாதது

காலையில் ஒரு சாட்சி.
அஞ்சம்மாள், கப்பளா பத்தாஸ் முச்சந்தியில்
நாசி லெமாக் கட்டி விற்பவர்.
லாரி மோதிய சத்தம் எப்படி இருந்தது என்று
வக்கீல் மலாயில் கேட்டார்,
நான் தமிழில் கேட்டேன்.
வாயைத் திறந்தார், மூடினார்.
பிறகு உள்ளங்கையால்
கூண்டுப் பலகையில் ஒரே அடி.

மாஜிஸ்திரேட்டின் பேனா துள்ளி விழுந்தது.
'சொல்லில் சொல்லச் சொல்லுங்கள்.'
சொன்னேன்.
'அவ்வளவுதாம்மா' என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.
பதினேழு வருஷ மொழிபெயர்ப்பாளர் நான்.
'பலத்த சத்தமா?' என்று எடுத்துக்கொடுத்தேன்.
முறைப்படி அது தப்பு.
பிச்சை போடுவதுபோல் தலையாட்டினார்.
பதிவில் அது ஏறியது.
அவர் கை மட்டும் பலகையைவிட்டு இறங்கவில்லை.

சாயங்காலம் பெர்ரியில்
கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன்.
மழை இப்போதுதான் விட்டிருந்தது.
விரலில் ஏதோ ஏறியது;
ஏறி முடிப்பதற்குள்
உள்ளே ஒருத்தி எழுந்து நின்று
'குளிர்ச்சி' என்றாள்.
'செஜோக்' என்றாள்.
இங்கிலீஷிலும் ஒருமுறை,
சத்தியப் பிரமாணம் எடுத்தவள் மாதிரி.

பட்டர்வொர்த் கிரேன்கள் கண்ணுக்குத் தெரிகிறவரை
அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.
கம்பியோ எப்போதோ
என் கைச்சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது.
கை எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது
என்று கேட்டால்
என்னால் காட்ட முடியாது.
இயந்திரத்தின் நடுக்கம்
முழங்கை வழியாக ஏறி
கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்தது.

டீசல், என்றாள். சரி.
உப்பு. சரி.
யாரோ பிரிக்கிற பீசாங் கோரேங். சரி சரி.
இவற்றுக்கு நடுவே இன்னொன்று வந்தது.
அவள் தேடினாள்.
மூன்று மொழியிலும் தேடினாள்.
பக்கத்துப் பையன் ஹெல்மெட் வாரை
அவிழ்த்து முடிக்கும் நேரம்,
அவ்வளவுதான்,
தேடுகிறவள் வாயில் பேச்சில்லை
அது மட்டும் இருந்தது.

போன் அடித்தது. அமிர்தநாதன்.
'இன்னைக்கு எப்படிப் போச்சு?'
வாயைத் திறந்தேன், மூடினேன்.
கம்பியில் ஓங்கி அடிக்கலாம்தான்.
ஆட்கள் இருந்தார்கள்.
'பரவாயில்ல' என்றேன்.
'வர்ற வழியில ரொட்டி வாங்கவா?'

இறங்கிய பிறகு தரை ஆடியது.
அல்லது கால்.
எது என்று கேட்டு
யாரும் எனக்குச் சம்மன் அனுப்பவில்லை.
பஸ் நிற்கும் இடம் வரை
ஆடியபடியே நடந்தேன்.