பகுதி எண் 7

எங்கள் ஊரில் நண்பகல் ஒரு மணிக்கு வரும்.
கடிகார முள்ளை யாரோ முன்னே தள்ளிவைத்த நாளிலிருந்து
சூரியன் தினமும் தாமதமாகத்தான் வேலைக்கு வருகிறது.
அபராதம் கிடையாது.

காக்கி புக்கிட்டில், நான்காம் தளத்தில்,
சன்னலே இல்லாத ஓர் அறையில்
அந்தச் சூரியனை மறைக்கும் தட்டைச் செய்தோம்.
சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது.
வரைபடத்தில் அதன் பெயர்: பகுதி எண் 7.
கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கி,
எப்போதும் இருபது டிகிரி.
வெளியே மழையா வெயிலா என்பது
கோப்பி வாங்கப் போன வீ கியாட்டின்
தோளைப் பார்த்தால்தான் தெரியும்.

விண்கலங்கள் இரண்டு.
முன்னால் போவது தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
பின்னால் வருவது அதன் நிழலுக்குள் நுழைந்து
கண்ணைத் திறக்கும்.
நெருப்பை மறைத்தால்தான்
நெருப்பைச் சுற்றியிருப்பது தெரியுமாம்.
முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பவன் யாரென்று பார்க்க
உள்ளங்கையை உயர்த்துவோமே,
அந்த உள்ளங்கைதான் எங்கள் வேலை.

விளிம்பில் ஒரு பிசிறு போதும்,
ஒளி அதைப் பிடித்து ஏறி
உள்ளே குதித்துவிடும்.
ரோஸ்லான் கடைசல் பிடித்தார். நான் அளந்தேன்.
அவர் கடைந்தார். நான் வேண்டாமென்றேன்.
பதினோரு தட்டுகள்.
பன்னிரண்டாவதை எடுத்தபோது
அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.
நோன்பு மாதம் வேறு.
பொழுது சாய்ந்து, ஏழு பத்துக்கு,
ஒரு பேரீச்சம்பழத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்,
இதையும் அளந்து பார் என்பதுபோல.

சுற்றியிருக்கும் அந்த வெளிச்சத்துக்குப் பெயர் கொரோனா.
மின்தூக்கியில் அதைச் சொன்னதும்
மிசஸ் குவெக் ஓரடி தள்ளி நின்றார்.
இது வேறு மேடம்,
பெயருக்கு இதுதான் மூத்தது.

சூரியனின் மேற்பரப்பு ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி.
அதைவிட்டு விலகிப் போனால் பத்து லட்சம்.
அடுப்பைவிட்டு நகர்ந்த பிறகு
சேலை பற்றிக்கொள்வதுபோல.
ஏனென்று இன்னும் முழுதாய் யாருக்கும் தெரியவில்லையாம்.
எனக்கு அதில் வியப்பில்லை.
வீட்டில் பேச்சு முடிந்து,
கதவைச் சாத்தி,
பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான்
எனக்கும் சுடும்.

2019 டிசம்பரில் இங்கே கங்கண கிரகணம்.
காப்பிக்கடை வாசலில், ஆங்சானா மரத்தடியில்,
இலையிடுக்கு ஒவ்வொன்றும்
ஒரு மோதிரத்தைத் தரையில் போட்டது.
ஆளாளுக்குக் கைபேசியை நீட்டினார்கள்.
நான் அண்ணாந்து, கறுப்புக் கண்ணாடி வழியே,
மிச்சமிருந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தேன்.
அந்தக் கோடு போதும், மற்றதெல்லாம் அழிந்துபோக.
அன்றைய நிலாவை
நான் நிராகரித்திருப்பேன்.
காரணம்: அளவு குறைவு.

ஏவிய நாளில் எனக்கு விடுமுறையில்லை.
பல் மருத்துவர்களின் துரப்பண முனைகள், நானூறு,
சாயங்காலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து
வாட்ஸ்அப்பில் வந்தது முதல் படம்.
தண்ணீரில் அவிழ்ந்த கூந்தல்போல்
வெண்ணிற இழைகள்,
எங்கோ இழுபட்டு, வளைந்து, மீண்டும் திரும்பி.
நடுவே ஒரு கரிய வட்டம்.
எல்லாரும் இழைகளைப் பார்த்தார்கள்.
நானும் ரோஸ்லானும்
கறுப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
விளிம்பில் பிசிறு தேடினோம்.

இல்லை.
நாங்கள் செய்தது எதுவும் அந்தப் படத்தில் இல்லை.
இல்லாததன் ஓரம் மட்டும்
சுத்தமாக இருந்தது.

"பதினொன்றாவதே போதுமாயிருந்திருக்கும்"
என்றார் ரோஸ்லான்.
அதை அவர் பிடோக் வீட்டுச் சன்னலில்
மைனாக்களை விரட்டத் தொங்கவிட்டிருக்கிறார்.
மைனாக்கள் பயப்படுவதில்லையாம்.
நான் பதில் சொல்லவில்லை.
சாப்பிட இறங்கினோம்.
மணி ஒன்று ஐந்து.
கார் நிறுத்துமிடத்தில்
அவரவர் நிழல்
அவரவர் செருப்புக்குள் இருந்தது.