தட்டின் அடிப்புறம்

ஐந்தாம் நாள் காலை எடுத்துப் பார்த்தேன்.
உதுமாலெவ்வை, ஐம்பத்திநாலு, சம்மாந்துறை, வலக்கண்.
மூடியில் என் கையெழுத்து
கொஞ்சம் கலைந்திருக்கிறது.

வெட்டுமெசின் துப்பிய சப்பியில் ஒன்று
கண்ணில் பட்டதாம்.
கழுவினார். கசக்கினார்.
பாமசியில் வாங்கிய சொட்டுமருந்து
முதலில் சிவப்பைத் தணித்ததாம்,
பிறகு கருவிழியில் மேகம் இறங்கியதாம்.
மட்டக்களப்புக்கு வந்த அன்று
பஸ்ஸின் இலக்கம் தெரியவில்லை.

சுரண்டி எடுத்தது ஒரு சீனிமணி அளவு.
அதைத் தட்டில் இழுத்தேன்,
தாக்கத்தி வளைவில் மூன்று கீறல்.
முளைப்பது கீறலின் மேல் என்றால் அவருடையது.
வெளியே என்றால் எங்கள் ஏசியுடையது.
(அந்த ஏசிக்காக மூன்று கடிதம் எழுதியாயிற்று.)

கீறலின் மேல்தான்.
முதலில் வெள்ளைப் பஞ்சு,
மறுநாள் சாம்பல்,
பிறகு வாவியின் அடிச்சேறு போல
பச்சை கலந்த கறுப்பு.

மேலே மட்டும் கறுப்பென்றால் நம்பக் கூடாது.
வித்துக்கு மாத்திரம் மை பூசிக்கொண்டு
அடியில் வெளுத்துக் கிடக்கும் பங்கசும் உண்டு.
தட்டைத் திருப்பினேன்.
அடியும் கறுப்பு.

மெலனின் என்கிறது புத்தகம்.
வெயிலில் கிடந்து பிழைக்க
அது தனக்குத் தானே பிடித்த குடை.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
அளந்து பார்த்ததும்
அதே சாயத்தைத்தான்.

நீலம் ஒரு சொட்டு விட்டு
கண்ணாடித் தகட்டால் மூடினேன்.
நீலத்தை வாங்காமல்
தன் பழுப்பிலேயே நின்றன வித்துகள்.
நாலு அறை. மூன்றாவது மட்டும்
பருத்து, கறுத்து,
அதனாலேயே முதுகு வளைந்து,
நெல்மூட்டையை இறக்க மறந்தவன் போல.
கேர்வுலாரியா.

போன மாதம் அம்பாறை மிருக வைத்தியர் அனுப்பிய
எருமையின் மூக்குக் கட்டியில் இருந்தது
இதன் ஒன்றுவிட்ட தம்பி.
அதற்கு முதுகு நேர்.

வார்டுக்கு எடுத்தேன்.
நேற்றே சொல்லாமல் போய்விட்டாராம்.
கோப்பில் கிடந்த இலக்கத்தை அழுத்தினேன்.
இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு குரல்:
"ஆரு? சத்தமாச் சொல்லுங்க,
மெசின் இண்டைக்கு மட்டுந்தான்."

"பூஞ்சணம்" என்று கத்தினேன்.
நடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"பூஞ்சணமா? எங்க, நெல்லுலயா?"

"கண்ணில."

இரைச்சல் நின்றது.
மெசினை நிறுத்தினார்களா,
தொடர்பு அறுந்ததா,
இலக்கத்தை மறுபடி அழுத்துகிறேன்.