சனிக்கிழமை ஏழு மணி அழைப்புகள்

டி.ஆர்.பி. பெட்டி நித்திரவிளைக்கு வந்ததே இல்லை.
ஒரு தொடர் ஓடுகிறதா படுத்துவிட்டதா என்பதை
லைன் போன நிமிடம்தான் எனக்குச் சொல்லும்.
கருப்பு டயல் போன்,
பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு.
திட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு.

'சனி வளையம்' தொடங்கிய வருடம்
பலாக்கொம்பு விழுந்து வயர் அறுந்தது.
மணி ஏழேகால். இரண்டே கோடு.
ஒருவர் மகர ராசிக்காரர்,
பெயர்ச்சிப் பலன் சொல்கிறார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்.
இன்னொன்று ஏழாம் வகுப்பு றோஷன் ஜெபா:
"அண்ணே, கலம் வளையத்துக்க உள்ள கேறியாச்சா?"

அட்டையில் செய்த கலம் அது.
கேப்டன் கண்ணில் வெல்டிங் கண்ணாடி.
திரைச்சீலையில் ஒட்டிய நட்சத்திரங்களில் ஒன்று
ஃபேன் காற்றுக்கு ஆடும்.
பாஸ்டர் பெயரைக் கேட்டே சேனலை மாற்றினார்.
"ஏழரை வருசம் மங்கு சனி, பொறுத்துக்கிடணும்"
என்பான் என் லைன்மேன் குமாரதாஸ்,
ஏணியில் நின்றபடி.

பிறகு கேப்டனை மாற்றினார்கள்.
புதியவள் அதிகம் பேசமாட்டாள்.
கட்டளை இடுமுன்
சட்டைக் கையை ஒரே ஒரு மடிப்பு மடிப்பாள்.
அந்த மடிப்பு
ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு வந்தது,
களியக்காவிளை பஸ் கண்டக்டருக்கு வந்தது,
ஞாயிறு ஆராதனைப் பாடகர் குழுவில்
மூன்று கைகளில் பார்த்தேன்.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த இரவு நாற்பத்தொரு கோடு.
ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுச்
சாயா குடிக்கப் போனேன்.
திரும்பி வந்து எடுத்து வைத்ததும் மணியடித்தது.
பாஸ்டர். பேரன் அழுகிறானாம்.

எப்போது குறைந்தது?
நோட்டில் தேடினேன்.
இருபத்தாறு. பதினெட்டு. பதினேழு.
நடுவில் ஒரு முப்பது, அவள் செத்த வாரம்.
உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்:
ஒன்பது.
றோஷன் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டப் போயிருந்தான்.
கலம் இப்போது அசல் உலோகமாய் மின்னியது,
நட்சத்திரம் ஒன்றுகூட ஆடவில்லை.
அதனால்தானோ என்னவோ.

ஓகி புயலுக்குப் பின்
மின்சாரம் திரும்பிய முதல் சனிக்கிழமை.
பதினோரு வருடம் முன் காணாமல்போன கலம்
அன்றைக்கு வீடு திரும்புகிறது என்று
காலையிலிருந்தே விளம்பரம்.
சின்னத்துறையில் தெருவுக்குத் தெரு
ஆள் வராத வீடுகள்.
ஆறு ஐம்பத்தெட்டுக்கு
கடற்கரைப் பக்கத்து ஆம்ப்ளிஃபயர் பிளக்கை
நானே பிடுங்கினேன்.
எட்டு மணிவரை போனை விட்டு நகரவில்லை.
ஒரு கோடும் இல்லை.
சரியாகத்தான் செய்தோம் என்று
இரவு நன்றாகவே தூங்கினேன்.

பிப்ரவரியில் மாசப் பணம் பிரிக்கப் போனபோது
ததேயுஸின் பெண்சாதி
நூற்றைம்பது ரூபாயை எண்ணி
கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்,
"அண்ணைக்கி நீருதான் புடுங்கினீரு."
கேள்வி இல்லை.
"அது வந்து சேந்திருக்கும் இல்லா?
கண்டிருக்கலாம்."

ரசீதில் பெயரைத் தப்பாக எழுதினேன்.
கிழித்து, வேறு எழுதினேன்.

மூன்று ஏழரை முடிந்து தொடரும் முடிந்தது.
கடைசி அத்தியாயத்தன்று
லைன் ஒரு பழுதும் இல்லாமல் ஓடித் தொலைத்தது,
அதனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று
எனக்குத் தெரியாது.

இப்போது மார்த்தாண்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள்
அட்டைக் கலம் அச்சடித்த பனியன் போடுகிறார்கள்.
ஆடுகிற நட்சத்திரத்தை
போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
கேலி மாதிரித் தெரியவில்லை.
அவர்களில் ஒருவன் எல்லா அத்தியாயங்களையும்
ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தான்.
காசு வாங்கவில்லை.

கலம் திரும்பும் அத்தியாயம் அதில் இருக்கிறது.
சட்டைப்பையில் வைத்தபடி
இரண்டு தடவை சின்னத்துறை வளைவுவரை போனேன்.
கேபிள் போய் வருடங்கள் ஆகின்றன.
பிரிக்க மாசப் பணமும் இல்லை.
என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது?