இருட்டுக்கு இரண்டு இரவு

சாப்பாட்டு மேசையில் வரைபடம்,
சுருளாமல் பிடித்திருக்கிறது மைலோ டின்.
நவீந்திரன் கணக்கில் ஜொகூர் வெளிநாடு இல்லை,
வெங்காயமும் பெட்ரோலும் வாங்கப் போகும் இடம்.
ஆகவே இதுதான் முதல்.

ஹுவேயில் மூன்று நாள் வேண்டுமாம்:
கோட்டை, அகழி, அரசர் கல்லறைகள்,
குண்டு துளைத்த சுவர்.
"நம்ம புளோக்க நாற்பது வயசுல இடிக்கப் போறாங்க.
பழசுன்னா என்னன்னு போய்ப் பார்க்கணும்."

சரி, பாருங்கள்.
எனக்கு அதற்கப்பால் வயல் நடுவே ஒரு வீடு.
வாடகை கேட்டு எழுதினேன், பதில் வந்தது:
தவளைச் சத்தம் பரவாயில்லையா?
ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம்.

இருபத்தாறு வருடம் புக்கிட் பாஞ்சாங்கில்,
பன்னிரண்டாம் மாடி.
காரிடார் குழல்விளக்கு
ஜன்னல் வழியே வந்து
விடிய விடிய என் தலையணையில் படுத்திருக்கும்.
முழு இருட்டை நான் பார்த்ததே இல்லை.

"அதையா காசு கொடுத்து?"
சிரிக்கிறார்.
கொஞ்ச நேரம் கழித்து
கோட்டைக்கான மூன்றை அழித்து
இரண்டு என்று எழுதுகிறார், பென்சிலால்.

வாங்க வேண்டியவை:
கொசு மருந்து, பிளாஸ்டர், பிளக், டார்ச்.

டார்ச்சை நான் அடித்துவிட்டேன்,
பேனாவால்.