தலையீற்று

பைசாந்தூவில் கிடைத்த எண்ணெய்களிலேயே விலை கூடியதைத்தான்
வாங்கிக்கொண்டு போனேன்.
முழுச் செயற்கை. பொன்னிற மூடி.
ஒரு தொழுவத்துத் தடுப்பூசிக் கூலி அதோடு போனது.
வாஷிங்டன் ஒலிவேரா கையில் வாங்கி எடை பார்த்தான்,
மேல்தட்டில் வைத்தான்.
"ரொம்ப நல்ல எண்ணெய், டாக்டர்.
அதனால்தான் இப்போது வேண்டாம்."

போன வாரம், தலைப்பகுதியை மூடுவதற்கு முன்,
சிலிண்டர் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.
கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குறுக்குக் கோடுகள்.
மாட்டின் நாக்கு, என்றேன்.
அவனுக்கு அது பிடித்துவிட்டது.
"அந்த நாக்கில் உரசித்தான்
வளையங்கள் தம் இடத்தைப் பிடிக்கும்.
நடுவில் உங்கள் வெண்ணெயை ஊற்றினால்
வழுக்கிக்கொண்டே இருக்கும், பொருந்தாது.
அப்புறம் ஆயுள் முழுக்க
எண்ணெய் குடித்து நீலப்புகை விடும்."

கல்லாவிலிருந்து சுல்மா சொன்னாள்:
"புதுக் கார் வாங்குகிறவன் எவன் இதையெல்லாம் பார்க்கிறான்?
ஆலையில் ஊற்றியதோடு ஓட்டிப் போகிறான்."
"அது ஆலை," என்றான். "இது என் கை."

அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி, ஆறு சிலிண்டர்.
நசுங்கிய கறுப்பு டின்னிலிருந்து
முப்பதாம் எண், வெறும் கனிம எண்ணெய்.
கேம் தண்டுக்கென்று ஒரு சிறு குப்பி துத்தநாகம்.
நாற்றம்.

காலை ஐந்து ஐம்பதுக்கு உயிர் வந்தது.
இரண்டாயிரம் சுற்றில் இருபது நிமிடம்,
குறையக் கூடாது, சும்மா முனக விடக் கூடாது.
புகைக்குழாயின் புதுப் பெயிண்ட் கருகியது.
மேட்டே ஆறியது.
பதினோராம் நிமிடத்தில் போன்:
கெப்ராச்சோவுக்கு அப்பால், எட்செவெரிப் பண்ணை,
தலைச்சூல் கிடேரி,
ஒரு கால்தான் வெளியே தெரிகிறது.

எனக்கு வேறு வண்டி இல்லை.
வாஷிங்டன் ஒன்பது விரல்களைக் காட்டினான்.

அந்த ஒன்பது நிமிடமும்
இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டிருந்தேன்:
இழுக்காதீர்கள். யாரும் இழுக்காதீர்கள்.
வெந்நீர் வையுங்கள். கயிற்றைத் தொடாதீர்கள்.
கிடேரியை நிற்க வையுங்கள்.

பிறகு அவன் மூடியைச் சாத்தினான்.
"பூப்போல ஓட்டாதீர்கள்.
ஏற்றத்தில் மிதியுங்கள், இறக்கத்தில் காலை எடுங்கள்.
ஒரே வேகம் மட்டும் வேண்டாம்."
அவசரத்துக்கு இப்படியொரு அனுமதி
எனக்கு யாரும் தந்ததில்லை.
ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், குன்று குன்றாக.
ஏறும்போது உறுமி, இறங்கும்போது உறிஞ்சி,
என் கண் எண்ணெய் அழுத்த முள்ளிலேயே இருந்தது.
ஒரு நரியைக்கூடப் பார்த்தேன், எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

மடங்கிக் கிடந்தது இடது முன்னங்கால்.
வெளியே வர வேண்டியதை
முதலில் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.
நாற்பது நிமிடம். தோள்வரை.
பிறகு மொத்தமாக வழுக்கி வைக்கோலில் விழுந்தது,
தும்மியது.
எழ முயன்றது, விழுந்தது, எழுந்தது.
மடியைத் தேடிப் பிடிக்கும்வரை நான் கிளம்பவில்லை.

மத்தியானம், சூடு ஆறுவதற்குள் வடித்தான்.
தட்டின் அடியில் வெயில் பட்டதும்
கறுப்புக்குள் வெள்ளிச் சுழல்.
வடிகட்டியை அறுத்து மடிப்பு மடிப்பாக விரித்து
காந்தத்தை ஓட்டினான்.
"சீம்பால் மாதிரி, இல்லையா," என்றேன்,
எனக்கு நானே கொஞ்சம் பெருமையாக.
"இல்லை டாக்டர். சீம்பாலைக் குடிக்க வைப்பீர்கள்.
இதை நான் கொட்டப் போகிறேன்."
சுல்மா எட்டிப் பார்த்து, அழகாயிருக்கிறது, என்றாள்.
"இவ்வளவு இருந்தால் அழகு," என்றான்.
"அடுத்த முறையும் இருந்தால் பிரிக்க வேண்டும்."

இன்னொரு கறுப்பு டின்னைத் திறந்தான்.
பொன்மூடி மேல்தட்டிலேயே இருந்தது.
எப்போது அது, என்றேன்.
மூவாயிரம் ஓடட்டும்.

கன்று பிழைத்ததா என்று சுல்மாதான் கேட்டாள்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
ஏதாவது ஓர் ஏற்றத்தில்
தயங்கியதா?