ஏழு நாளைக்கு

"யாருக்கு?"
கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.
மண்டபத்தில் இந்தக் கல்லாவுக்குப் பின்னால்
பதினோரு வருஷமாக அதிகம் பேசிய சொல் இதுதான்.
அக்காவுக்கு என்பார்கள், வீட்டில் என்பார்கள்,
பக்கத்துப் படகுக்காரருக்கு என்பார்கள்.
தனக்கென்று சொன்னவர்கள் குறைவு.
கண்ணைப் பார்ப்பேன். சிலரிடம்
ஸ்டாக் இல்லை என்பேன்.
ஸ்டாக் இருக்கும்.

பாசி எடுக்கிற பெண்கள்
பாறை கிழித்த விரல்களோடு வருவார்கள்,
சுற்றிய துணியை அவிழ்க்காமலே களிம்பு கேட்பார்கள்.
சொறி பட்டுத் தடித்த தோளோடு ஒருவர்.
தடைக்காலத்தில் கடன் நோட்டும் தடிக்கும்:
இருளாயி 140, சூசை 62,
நவாஸ்கான் இன்சுலின், அப்புறம் தருவார்.
கரண்ட் போனால்
ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்து நிற்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

சாயல்குடியில் கடை வைத்திருந்த குணபாலன்
என் பேட்ச்.
ஆடியில் போனான். மாரடைப்பு என்றார்கள்.
பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர்,
ஒன்பது பேரும் மருந்துக்கடை,
எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஜிஎஸ்டி பற்றிப் பேசினோம்.

அதற்குப் பிறகுதான் அந்த அலமாரி
என்னைப் பார்க்க ஆரம்பித்தது.
சட்டப்படி பூட்டு.
சட்டப்படி சாவி என்னிடம்.
ஊருக்கெல்லாம் இல்லையென்று சொன்னவனுக்கு
இல்லையென்று சொல்ல யார்?
கச்சான் ஷட்டரை அடித்துக்கொண்டே இருக்கும்.
கடைசி ரயில் போன பிறகும் உட்கார்ந்திருப்பேன்.
கணக்குப் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு மெசேஜ்.
கணக்குத்தான்.

பில் போடுகிறவள் செய்யதம்மாள், வயது இருபத்திமூன்று.
ஒரு திங்கட்கிழமை சொன்னாள்,
"அந்த அட்டைய நாலு தடவ எண்ணிட்டீங்க சார்."
வாயைத் திறந்தேன்.
பதினோரு வருஷம் கேட்ட பொய்யெல்லாம்
நாக்கில் வரிசையாக வந்து நின்றது.
அவளே கேட்டாள்:
"சாகணும்போல இருக்கா சார்?"

ஒன்பது பேர் கேட்காததை
இருமல் எத்தனை நாளா என்பதுபோலக் கேட்டாள்.
மின்விசிறி சுற்றியது.
"இருக்கு" என்றேன்.

சாவியைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தேன்.
நான் கேட்டாலும் தராதே.
சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினாள்.
சட்டம் என்ன சொல்லுமோ, சொல்லட்டும்.
இன்று வரை அந்தச் சாவியில்
புளியாணம் வாசம்.

ராமநாதபுரம் பஸ். உச்சிப்புளி வந்ததும்
இறங்கிவிடலாம் என்றிருந்தது.
ஜன்னல் சீட்டை எனக்கு விட்டு
பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் அவள் அண்ணன்.
இறங்க வேண்டுமானால் அவன் முட்டியைத் தாண்ட வேண்டும்.
நீளமான முட்டி.

பெரியாஸ்பத்திரிச் சீட்டில் என் பெயர், வயது.
தொழில் கேட்டு எழுதியவர்
நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.
டாக்டரம்மாவிடம் முதலில்
ஒரு நண்பருக்கு என்றுதான் ஆரம்பித்தேன்.
நண்பர் எத்தனை நாளா தூங்கல என்றார்.
விரல் விட்டு எண்ணினேன். விரல் போதவில்லை.

எந்தக் கிறுக்கலையும் வாசிக்கிறவன்
என் சீட்டை வாசிக்க முடியாமல் வராந்தாவில் நின்றேன்.
எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

அங்கேயே வாங்கியிருக்கலாம்.
வரிசையில் எங்கள் ஊர் முகம் ஒன்று.
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முன்பின் தெரியாத கடை,
வெள்ளைக் கோட்டுப் பையில் மைக்கறையோடு ஒருவன்.
சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யாருக்கு?"

எனக்கு என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொன்னேன்.

பதினைந்து நாளைக்கு எழுதியிருந்தது.
கத்தரிக்கோலால் ஏழை வெட்டினான்.
"ஸ்டாக் இவ்வளவுதான்.
மீதிக்கு அடுத்த வாரம் வாங்க."
அவன் தோளுக்குப் பின்னால்
பிரிக்காத பெட்டி தெரிந்தது.
எனக்குத் தெரியாதா அந்தப் பொய்.

தரவேண்டிய பத்து ரூபாயையும்
அப்போதே தருகிறானாம்.