மூன்றாவது எழுத்து

முகத்துவாரம் வெட்டி ஒன்பது நாள்.
வயல்காரர் வெட்டச் சொன்னார்கள்,
வலைக்காரர் வேண்டாமென்றார்கள்;
கடைசியில் ஒரு பெக்கோ வந்து
யாரையும் கேளாமல் கடலைத் திறந்துவிட்டுப் போயிற்று.
கோமாரிக் களப்பு இறங்கி
இடுப்பளவு நின்ற இடத்தில் இப்போது
கரிய சேறு,
எண்ணெய் தடவிய தாச்சிபோல் மினுங்குகிறது.

அந்தச் சேற்றுக்குத்தான் வந்திருக்கின்றன எல்லாம்.

தை மாதக் கணக்கெடுப்பு.
படிவம் மூன்று தாள். பென்சில் ஒன்று, பேனா மழைக்கு ஆகாது.
திணைக்களத்துத் தொலைநோக்கியின் ஒரு கால் இறுகாது;
உவைஸ் தன் ஓட்டோவின் பழைய டியூப்பைக் கிழித்துக்
கட்டித் தந்திருக்கிறான்.
பொத்துவிலில் இருந்து நாலரைக்கே ஏற்றிவந்தவன்
பின்சீற்றில் படுத்தபடி கேட்கிறான்:
"டீச்சர், எத்தின?"
நான் டீச்சர் இல்லை.
ஏழு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு.
பத்தை ஒவ்வொன்றாய் எண்ணு.
அந்தப் பத்து எவ்வளவு இடமென்று கண்ணில் பிடி.
மறுகா அதை எடுத்து எடுத்து வை,
உழக்கால் நெல் அளப்பதுபோல்.
சிந்துவது சிந்தும்.

நீலச்சிறகி நானூறு.
ஊசிவால் வாத்து, தள்ளித் தண்ணீரில், அறுபது அல்லது எழுபது;
ஒன்று குப்புறக் கவிழ இன்னொன்று நிமிர்கிறது.
பட்டாணி உப்புக்கொத்திகள்
ஓடும், நிற்கும், நின்றதும் சேறாகிவிடும்.
கருவால் மூக்கன் நூற்றுப் பதினொன்று.

நூற்றுப் பதினொன்றாவதின் காலில் ஏதோ பச்சை.

தகடு. யாரோ எங்கோ
கையில் ஏந்தி, நிறுத்து, அளந்து, மாட்டிவிட்ட தகடு.
குவியத்தைத் திருகினேன்.
முதலெழுத்து கே.
அடுத்தது ஏழு.
மூன்றாவதன்மேல் சேறு.

நட, என்றேன். நாலு எட்டு வைத்தால் தெளிந்த நீர்.
அது நடக்கவில்லை.
அலகை அடிவரை மண்ணுக்குள் இறக்கி
இருட்டில் பூட்டுத் துவாரம் தேடுகிறவன் மாதிரி
மெல்ல மெல்லத் திருகிற்று.
கால் இன்னும் புதைந்தது.

மட்டி கிண்டிக்கொண்டிருந்த கண்ணகை அக்கா
கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள்.
"என்ன புள்ள, வாடைக்குருவியோ?"
அவளுக்கு இதெல்லாமே வாடைக்குருவி.
வாடைக்கு வரும், கச்சான் எழும்பினால் போகும்,
அதற்குமேல் பேர் என்னத்துக்கு.
ஒரு கண்ணைப் பொத்திக் குழாயில் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"கொலுசு மாதிரி இல்ல," என்றாள்.
"ஆஸ்பத்திரியில கட்டி உட்ட மாதிரிக் கிடக்கு."

எழுத்து மூன்றும் கிடைத்தால் ஒரு மின்னஞ்சல்.
கட்டிவிட்டவருக்குத் தெரிந்துவிடும்:
கோமாரியில், உயிரோடு, இரை தின்கிறது.
கடைசியாகக் கண்ட நேரம் என்றொரு கட்டம் நிரம்பும்.
அப்படி ஒரு கட்டம் என் போனிலும் இருக்கிறது,
ஷார்ஜாவிலிருக்கும் தம்பியின் பெயருக்குக் கீழே.
மூன்று கிழமையாய் அதே மணி, அதே நிமிடம்.
போனை உவைஸிடம் கொடுத்துவிட்டேன்,
சார்ஜ் போடச் சொல்லி.

எட்டு ஐம்பதுக்கு வல்லூறு வந்தது.
வந்ததை நான் காணவில்லை.
களப்பு எழும்பியதைத்தான் கண்டேன்,
காயப்போட்ட பாயை யாரோ உதறினாற்போல்.
ஒரு பக்கம் திரும்ப வெள்ளை,
மறுபக்கம் திரும்ப ஒன்றுமே இல்லை.
நானூறும் அறுபதும் நூற்றுப் பதினொன்றும்
என் தாளில் மட்டும் உட்கார்ந்திருந்தன.
கண்ணகை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
ஏனென்று கேட்டேன். தெரியாதாம்.

வல்லூறு வெறுங்காலோடு
கண்ணாமரங்களுக்கு மேலால் போயிற்று.
அவை இறங்கின, பழைய இடத்தில் அல்ல,
தென்கரையில், வெயிலுக்கு நேரெதிரே,
கால்களெல்லாம் கறுப்பாய்.
நூற்றுப் பத்து எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன், நூற்றுப் பதின்மூன்று.

படிவத்தில் கே, ஏழு, பிறகு ஒரு கோடு.
கோடு போட்ட தகவலை எவரும் ஏற்பதில்லை.
அழித்தேன்.
அழித்த இடத்தில் அதையே மறுபடி எழுதினேன்.

"முடிஞ்சிதா டீச்சர்?"
இன்னும் இல்லை.
வெயில் கொஞ்சம் ஏறினால் நிறம் தெரியும்.
கண்ணகை அக்கா மட்டிக்கூடையைச் சேற்றில் வைத்துவிட்டு
எனக்கு முன்னமே
குழாயில் கண்ணை வைத்தாள்.